சூட்டு வலியா, பேறுகால வலியா? வயிற்றுத் தோலில் ஒட்டும் மின்முனைகள் கூறும் செய்தி

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு எட்டாம் மாதத்தில் ஓர் இரவு வயிறு இறுகுகிறது. சற்று நேரத்தில் தளர்கிறது, மறுபடியும் இறுகுகிறது. "சூட்டு வலியாக இருக்கும், சீரகத் தண்ணீர் தருகிறேன், குடித்துவிட்டுப் படு" என்கிறார் தாய். தந்தைக்கோ மனம் அமைதியடையவில்லை. உடனே மருத்துவமனைக்குப் புறப்படுவதா, விடியும்வரை பொறுத்திருப்பதா?

பல குடும்பங்கள் எதிர்கொண்டிருக்கும் இக்கேள்வி மருத்துவருக்கும் எளிதானதன்று. கருப்பை பேறுகாலத்துக்கு முன்பே அவ்வப்போது இறுகித் தளர்வது இயல்பு. அவற்றுள் எது தானே அடங்கும், எது பிரசவத்தில் முடியும் என்பதை வலியை மட்டும் வைத்துச் சொல்லிவிட இயலாது.

விடை தவறினால் விலை பெரிது. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. எந்த நாட்டையும்விட இது மிகுதி. இத்தகைய குழந்தைகளுக்கு முதல் ஆபத்து நுரையீரலிலிருந்து வருகிறது. தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் விரைந்து முதிரும் என்பதை நியூசிலாந்து மருத்துவர்கள் கிரஹாம் லிகின்ஸ், ராஸ் ஹோவி ஆகியோர் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் மெய்ப்பித்தனர். ஆனால் அந்த ஊசியின் முழுப்பயன், அதைப் போட்ட ஒரு நாளுக்குப் பின், ஒரு வாரத்துக்குள் குழந்தை பிறந்தால்தான் கிடைக்கிறது. ஆகவே 'பிரசவம் இந்த வாரத்துக்குள் நிகழுமா?' என்பது மகப்பேற்று மருத்துவத்தின் மிக முக்கியமான வினாக்களுள் ஒன்றாகிறது.

அவ்வினாவுக்கு விடைதேடும் வழிகளுள் ஒன்றையே இக்கட்டுரை விளக்குகிறது. தாயின் வயிற்றுத் தோலின் மீது சில மின்முனைகளை ஒட்டி, உள்ளுறுப்புகள் எழுப்பும் மின்குறிகளைப் பதிவுசெய்வதே அவ்வழி.

தசையும் மின்சாரமும்

நம் உடலில் எந்தத் தசை சுருங்கினாலும், அதற்கு முன்னோடியாக ஒரு சிறு மின்மாற்றம் நிகழ்கிறது. தசை உயிரணுவின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு ஆகிய அயனிகள் வெவ்வேறு அளவில் உள்ளன. ஓய்வுநிலையில் உட்புறம் எதிர்மின் தன்மையுடன் இருக்கும். தூண்டல் ஏற்பட்டதும் உயிரணுச் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்க, அயனிகள் பாய்கின்றன. இப்பாய்ச்சலைத் தொடர்ந்தே தசை சுருங்குகிறது.

உடலின் திசுக்கள் உப்புநீர் நிறைந்தவை, மின்சாரத்தைக் கடத்துபவை. ஆதலால் உள்ளே எழும் மின்மாற்றத்தின் மெல்லிய சாயல் தோல்வரை வந்து சேர்கிறது. இதயத்தின் சாயலைப் பதிவுசெய்வதே நாம் நன்கறிந்த இ.சி.ஜி. அதே முறை கருப்பைக்கும், கருவிலுள்ள சிசுவின் இதயத்துக்கும், இரைப்பைக்கும் பொருந்தும்.

மின்முனை என்னும் மாற்று முகப்பு

உடலுக்குள் மின்னைச் சுமப்பவை அயனிகள். கருவியின் கம்பிக்குள் மின்னைச் சுமப்பவை எலெக்ட்ரான்கள். ஒரு நாட்டின் நாணயம் மறுநாட்டுச் சந்தையில் செல்லாததுபோல, அயனி நேரடியாகக் கம்பிக்குள் செல்லாது. எல்லையில் ஒரு செலாவணி மாற்று முகப்பு வேண்டும். அம்முகப்பே மின்முனை.

பெரிதும் பயன்படுவது, வெள்ளித் தகட்டின் மேல் வெள்ளி குளோரைடு பூசப்பட்ட மின்முனையாகும். அதற்கும் தோலுக்கும் இடையே குளோரைடு உப்பு கலந்த கூழ் வைக்கப்படுகிறது. கூழிலுள்ள குளோரைடு அயனிகளுக்கும் தகட்டின் வெள்ளிக்கும் இடையே நிகழும் வேதிமாற்றமே அயனி ஓட்டத்தை எலெக்ட்ரான் ஓட்டமாக மாற்றித் தருகிறது.

தோலின் மேலடுக்கு உலர்ந்த இறந்த உயிரணுக்களால் ஆனது. மின்னோட்டத்தை எளிதில் விடாது. எனவே மின்முனை ஒட்டுமுன் செவிலியர் தோலைத் துடைத்து, மெல்லத் தேய்த்து, எண்ணெய்ப்பசையை நீக்குகிறார். இப்பணி சிறியதாகத் தோன்றினாலும், பதிவின் தரம் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது. எண்ணெயோ வியர்வையோ தேங்கிய தோலில் மின்முனை சரிவரப் பற்றாது. அசையும்போதெல்லாம் பொய்யான அலைகள் எழும்.

இம்மின்முனைகள் உடலுக்குள் ஒலியையோ மருந்தையோ செலுத்துவதில்லை. உடல் எழுப்பும் குறிகளை வாங்கிக்கொள்வது மட்டுமே அவற்றின் வேலை. எனவே தாயும் உறவினரும் இப்பதிவைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

ஒரே பரப்பில் பல குரல்கள்

கருவுற்ற தாயின் வயிற்றின் மேல் ஒட்டிய மின்முனைக்கு ஒரே நேரத்தில் பல குறிகள் வந்து சேர்கின்றன. அவற்றின் தாளமும் அளவும் வேறுவேறு.

தாயின் இதயம் பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. இதயம் மார்பில் இருந்தாலும் அதன் குறி வயிற்றிலும் வலுவாகவே தெரியும்.

சிசுவின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கிறது. தாயின் தோலை அடையும்போது அதன் குறி பெரும்பாலும் சில பத்து மைக்ரோவோல்ட்டைத் தாண்டாது. டார்ச் விளக்கில் இடும் ஒரு பேட்டரியின் அழுத்தம் 1.5 வோல்ட். 15 மைக்ரோவோல்ட் என்பது அதில் 1,00,000-இல் ஒரு பங்கு. அத்துணை நுண்ணிய குறியைத்தான் தேட வேண்டியுள்ளது.

கருப்பையின் குறி இதயத்தைப்போல் ஓயாது ஒலிப்பதில்லை. சுருக்கம் வரும்போது மட்டும் கொத்தாக எழுந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்து அடங்குகிறது. அக்கொத்துக்குள் உள்ள அலைகள் பெரும்பாலும் விநாடிக்கு 0.1 முதல் 3 சுற்றுகள் என்னும் மெதுவான வேகத்தில் அமைகின்றன.

இரைப்பை நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 முறையும், சிறுகுடல் 8 முதல் 12 முறையும் மெல்ல அலையெழுப்புகின்றன. இவற்றோடு வயிற்றுச் சுவர்த் தசைகளின் குறி, மூச்சின் அசைவு, அறையின் மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன. கோயில் திருவிழாவில் நாதசுரமும் தவிலும் கூட்டத்தின் ஆரவாரமும் ஒன்றாய் ஒலிக்க, அவற்றுக்கிடையே ஒரு குழந்தையின் மெல்லிய குரலைப் பிரித்தறிவது எத்தகைய பணியோ, அத்தகையது இதுவும்.

நூற்றாண்டைக் கடந்த முயற்சி

இம்முயற்சி புதியதன்று. 1906-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய உடலியல் அறிஞர் மாக்ஸ் கிரெமர், கருவிலுள்ள சிசுவின் இதய மின்குறியைப் பதிவுசெய்தார். அந்நாளில் மின்னணுப் பெருக்கிகள் இல்லை. டச்சு அறிஞர் வில்லெம் ஐந்தோவன் உருவாக்கிய, காந்தப் புலத்தில் அசையும் மெல்லிய இழையைக் கொண்ட கால்வனோமீட்டரே துணையாக இருந்தது. இ.சி.ஜி.க்கு வழிகோலிய பணிக்காக ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார்.

அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வாரெஸ், வயிற்றுத் தோலிலிருந்தே இரைப்பையின் மின்னலையைப் பதிவுசெய்து 1922-இல் வெளியிட்டார். பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற லூயிஸ் ஆல்வாரெஸ் இவருடைய மகன். 1950-இல் ஸ்டீர், ஹெர்ட்ச் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பேறுகாலத்தில் கருப்பை எழுப்பும் மின்குறியைப் பதிவுசெய்து விவரித்தனர். எலெக்ட்ரோஹிஸ்டரோகிராம் என இன்று வழங்கும் இப்பதிவை நாம் கருப்பை மின்வரைவு என்று அழைக்கலாம்.

குறிகளைப் பதிவுசெய்யும் வழி இவ்வாறு கிடைத்தபோதிலும், ஒன்றோடொன்று கலந்த குறிகளைப் பிரித்தறியும் வழி கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

தாயையும் சேயையும் பிரித்தறிதல்

இரு கணக்குகளின் வரவுசெலவுகள் ஒரே அறிக்கையில் கலந்து அச்சாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒரு கணக்கின் தனி அறிக்கை நம் கையில் இருந்தால், அதைக் கொண்டு வரிவரியாகக் கழித்துவிடலாம். எஞ்சுவது மற்றொரு கணக்கு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெர்னார்டு விட்ரோவும் அவர்தம் குழுவினரும் 1975-இல் வெளியிட்ட முறையின் சாரம் இதுவே. தாயின் மார்பில் ஒட்டிய மின்முனைகளில் தாயின் இதயக்குறி மட்டுமே வரும். வயிற்றில் ஒட்டியதில் தாய், சேய் இருவருடைய குறிகளும் வரும். மார்பில் கிடைத்த குறியை, வயிற்றில் தோன்றும் அளவுக்கும் வடிவுக்கும் ஏற்பக் கணினி தொடர்ந்து திருத்தியமைத்துக் கழிக்கிறது. எஞ்சுவது சேயின் இதயக்குறி. இரைச்சல் நீக்கும் நுட்பத்தின் பாடநூல்களில் இந்த எடுத்துக்காட்டு இன்றும் இடம்பெறுகிறது.

இதனால் விளையும் நன்மை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நம் மருத்துவமனைகளில் பேறுகாலத்தில் பெரும்பாலும் பயன்படுவது சி.டி.ஜி. என்னும் கருவி. அதில் வயிற்றைச் சுற்றி இரு பட்டைகள் கட்டப்படும். ஒன்று அல்ட்ராசவுண்டு மூலம் சிசுவின் இதயத் துடிப்பைக் கணக்கிடுகிறது. மற்றொன்று கருப்பை இறுகும்போது வயிற்றின் மேற்பரப்பில் ஏற்படும் அழுத்தத்தை உணர்கிறது. சிசு சற்று நகர்ந்தால் அல்ட்ராசவுண்டு சில வேளைகளில் தாயின் நாடித்துடிப்பையே பிடித்துக்கொண்டு, அதைச் சிசுவின் துடிப்பாகக் காட்டிவிடக்கூடும். துன்பத்திலுள்ள சிசுவை நலமாக இருப்பதாக எண்ணச்செய்யும் பிழை இது. மின்முனைப் பதிவிலோ தாயின் இதயக்குறி தனியே அடையாளம் காணப்படுவதால், இருவருடைய துடிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கருப்பை பேசத் தொடங்கும் வேளை

இனி நம் முதற்கேள்விக்கு வருவோம். சூட்டு வலியின்போது இறுகும் கருப்பைக்கும் பேறுகாலத்தில் இறுகும் கருப்பைக்கும் வேறுபாடு என்ன?

இதயத்துக்குத் தாளத்தைத் தொடங்கிவைக்கும் நிலையான ஓர் இடம் உண்டு. கருப்பைக்கு அத்தகைய நிலையான தொடக்க இடம் இருப்பதாகக் கண்டறியப்படவில்லை. தசையின் எப்பகுதியிலும் குறி எழலாம். கருவுற்ற காலத்தின் பெரும்பகுதியில் அக்குறி எழுந்த இடத்தைச் சுற்றிச் சிறிது தூரமே பரவி அடங்கிவிடுகிறது. ஏனெனில் தசை உயிரணுக்களுக்கிடையே மின்னிணைப்புகள் மிகக் குறைவு. பேறுகாலம் நெருங்கும்போது கானெக்சின்-43 முதலிய புரதங்களாலான நுண்ணிய இணைப்புத் துளைகள் பெருகுகின்றன. ராபர்ட் கார்ஃபீல்டும் உடன் ஆய்ந்தோரும் 1977-இல் இதனை வெளியிட்டனர். இணைப்புகள் பெருகியபின் ஓரிடத்தில் எழும் குறி கருப்பை முழுவதும் பரவுகிறது. தசை முழுவதும் ஒருசேரச் சுருங்குகிறது. தனித்தனியே கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரே தாளத்தில் தட்டத் தொடங்குவதைப் போன்ற மாற்றம் இது.

இம்மாற்றத்தின் அடையாளங்களையே தோல்மேல் மின்முனைகள் தேடுகின்றன. பேறுகாலம் நெருங்க, கருப்பையின் மின்கொத்துகள் வலுக்கின்றன. அவற்றினுள் விரைவான அலைகளின் பங்கு கூடுகிறது. வெவ்வேறு இடங்களில் ஒட்டிய மின்முனைகள் காட்டும் குறிகளுக்கிடையே ஒற்றுமை மிகுகிறது.

பேறுகாலம் தொடங்கிய பின்னரும் இம்முறைக்குப் பயனுண்டு. அழுத்தத்தை உணரும் பட்டை, உடல் பருமனான பெண்களிடம் சுருக்கங்களைத் தவறவிடுவதுண்டு. மின்குறியைக் கொண்டு சுருக்கங்களை எண்ணும்போது அத்தகைய தவறுகள் குறைகின்றன. சுருக்கங்களின் எண்ணிக்கை ஏன் முக்கியம்? ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. இடைவெளியில்தான் சிசு மீண்டும் போதிய ஆக்சிஜன் பெறுகிறது. 10 நிமிடங்களில் 5-க்கு மேற்பட்ட சுருக்கங்கள் தொடர்ந்து நிகழ்ந்தால் அவ்விடைவெளி சுருங்கிவிடும். வலியைத் தூண்ட மருந்து ஏற்றும் வேளையில் இதனைக் கண்காணிப்பது இன்றியமையாதது.

எல்லைகளும் உண்டு

எந்தக் கருவியையும் அதன் எல்லையோடு சேர்த்தே அறிதல் வேண்டும்.

முதலாவது, சிசுவின் உடலை மூடும் வெர்னிக்ஸ் என்னும் மெழுகு போன்ற வெண்பூச்சு. ஏறத்தாழ 28-ஆம் வாரம் முதல் சில வாரங்களுக்கு இது மின்கடத்தாப் போர்வைபோல் செயல்பட்டுச் சிசுவின் இதயக்குறியைப் பெரிதும் மங்கச்செய்கிறது. குறைமாதப் பிரசவ அச்சம் மிகும் அதே வாரங்களில் குறி மங்குவது இம்முறையின் பெருங்குறை.

இரண்டாவது, மின்குறி வேறு, சுருக்கத்தின் வலிமை வேறு. மின்குறி சுருக்கம் எப்போது வந்தது என்பதை நன்கு காட்டும். எவ்வளவு வலிமையாக வந்தது என்பதைத் துல்லியமாகக் காட்டாது. அதை நேரடியாக அளக்க, பனிக்குடம் உடைந்தபின் கருப்பைக்குள் செலுத்தும் அழுத்தக் குழாயே வேண்டும்.

மூன்றாவது, குறைமாதப் பிரசவத்தை முன்னறிவிக்கும் பணியில் இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. நிறைமாதப் பேறுகாலத்தில் சிசுவின் துடிப்பையும் சுருக்கங்களையும் கண்காணிக்கும் ஒட்டு மின்முனைகள் சில நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. முன்னறிவிப்புக்கோ மருத்துவர்கள் இன்றும் கருப்பை வாயின் நிலை, அல்ட்ராசவுண்டில் அளக்கப்படும் அதன் நீளம், சில பரிசோதனைகள் ஆகியவற்றையே நம்புகின்றனர்.

300 பதிவுகள் புகட்டும் பாடம்

இந்த மூன்றாம் எல்லையைக் குறித்துச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது. ஸ்லோவேனியாவின் லியுப்லியானா நகரில் 1997 முதல் 2005 வரை திரட்டப்பட்ட 300 கருப்பை மின்பதிவுகள், உலக ஆய்வாளர்கள் அனைவரும் பயன்படுத்துமாறு பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 நிமிடப் பதிவு. தொப்புளைச் சுற்றி ஒட்டிய நான்கு மின்முனைகளால் பெறப்பட்டது. இவற்றுள் 262 பதிவுகள் நிறைமாதத்தில் பெற்றவர்களுடையவை. 38 குறைமாதத்தில் பெற்றவர்களுடையவை.

இப்பதிவுகளைக் கணினிக்குக் கற்பித்து, குறைமாதப் பிரசவத்தை ஏறக்குறையப் பிழையின்றி முன்னறிவிக்க முடியும் என்று பல ஆய்வுக் கட்டுரைகள் வெளியாயின. முதலில் ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். எந்தக் கருவியும் இன்றி, 'அனைவருக்கும் நிறைமாதப் பிரசவமே' என்று ஒருவர் கூறினாலும், 300-இல் 262, அதாவது 87 விழுக்காடு சரியாகிவிடும். ஆனால் உதவி தேவைப்படும் 38 பேரில் ஒருவரையும் அவர் கண்டறிந்திருக்க மாட்டார். ஆகவே விழுக்காடு உயர்ந்திருப்பது மட்டும் போதாது.

மற்றொரு பிழை இன்னும் நுட்பமானது. 38 என்னும் எண்ணிக்கை குறைவாக இருந்ததால், அவற்றைப் போன்ற செயற்கைப் பதிவுகளைக் கணினியில் உருவாக்கிச் சேர்த்தனர். அதன்பின் கற்பிக்கும் தொகுதி, சோதிக்கும் தொகுதி எனப் பிரித்தனர். இதனால் சோதனைத் தொகுதியின் சாயல் கற்பிக்கும் தொகுதியிலேயே புகுந்துவிட்டது. வினாத்தாள் முன்கூட்டியே கசிந்த தேர்வில் எல்லோரும் முதல் வகுப்பில் தேறுவதில் வியப்பில்லை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் இப்பிழையைச் சுட்டிக்காட்டினர். முதலில் பிரித்து, பின்னர் கற்பித்தபோது முன்னறிவிப்பின் துல்லியம் பெரிதும் சரிந்தது.

இதனால் இம்முறை பயனற்றது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. மேலும் பல பதிவுகளும் நேர்மையான சோதனையும் தேவை என்பதே பொருள். அறிவியலில் ஒருவர் பிழையை மற்றொருவர் வெளிப்படையாகத் திருத்துவது அதன் வலிமை. வாடிக்கையாளர்களாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம்ப இயலாத உயர்ந்த வருவாயை யாரேனும் உறுதியளித்தால், அக்கணக்கு எவ்வாறு போடப்பட்டது என்று கேட்பதல்லவா நம் வழக்கம்? மருத்துவக் கருவியின் விளம்பரத்தில் 99 விழுக்காடு என்று கண்டாலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டியவை

வீட்டிலேயே சிசுவின் துடிப்பைக் கேட்கலாம், சுருக்கங்களை எண்ணலாம் என்று கூறும் கருவிகள் இன்று கடைகளில் விற்கப்படுகின்றன. இந்தியாவில் மருத்துவக் கருவிகள், மருத்துவக் கருவிகள் விதிகள், 2017-இன்கீழ் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. எதையும் வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். கருவியில் துடிப்பு கேட்டுவிட்டது என்பதற்காக உடல் தரும் எச்சரிக்கையைப் புறக்கணித்துவிடாதீர்கள். கேட்டது தாயின் நாடித்துடிப்பாகவும் இருக்கலாம்.

37 வாரங்களுக்கு முன் வயிறு சீரான இடைவெளியில் இறுகித் தளர்ந்தால், நீர் வெளியேறினால், இரத்தப்போக்கு தோன்றினால், சிசுவின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், அது பகலாயினும் இரவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108 அவசர ஊர்தியை அழைக்கத் தயங்க வேண்டாம். மருத்துவர் சோதித்து, 'சூட்டு வலிதான்' என்று திருப்பி அனுப்பினால் இழப்பு ஓர் இரவின் உறக்கம் மட்டுமே. குறைமாதக் குழந்தைகளைப் பேணும் வசதியுள்ள மருத்துவமனை அருகில் எது என்பதை ஏழாம் மாதத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நன்று.

பரிசோதனையின்போது வயிற்றில் மின்முனைகள் ஒட்டப்பட்டால், தோலில் எண்ணெயோ களிம்போ தடவாமல் செல்லுங்கள். ஒட்டுப்பொருளால் தோலில் ஒவ்வாமை உண்டாவதுண்டு எனில் முன்னதாகவே செவிலியரிடம் கூறுங்கள். பதிவு முடியும்வரை அசையாமல் படுத்திருங்கள்.

கிரெமர் தம் இழைக் கால்வனோமீட்டரில் சிசுவின் துடிப்பைக் கண்ட நாளுக்குப் பின் நூறாண்டுகளுக்கு மேல் உருண்டோடிவிட்டன. தாயின் துடிப்பையும் சேயின் துடிப்பையும் பிரித்தறிய அறிவியல் கற்றுக்கொண்டுவிட்டது. சூட்டு வலியையும் பேறுகால வலியையும் அதே உறுதியோடு பிரித்தறிய அது இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது. அக்கல்வி முழுமை பெறும்வரை, நள்ளிரவில் எழும் ஐயத்துக்கு நம்பத்தக்க விடை மருத்துவமனையின் வாயிலில்தான் கிடைக்கும்.